கைவிடல்

மூன்று முறை படமாகியிருக்கிறான் தார்.
மூன்று முறையும் முகங்கள் வேறு.
முதுகு மட்டும் என்னுடையது.

காகிதத்தில் அவனுக்கு முகமே கிடையாது.
தொப்பிக்குக் கீழே ஒரு மைத்திட்டு,
அதில் பல் மட்டும் வெள்ளை.
எனக்கு மூக்கு வரைய வராது என்றாள்
அவனை வரைந்த ஏவிஸ் ட்ரம்புல்.
மட்டரகத் தாளில் மை ஊறி
மீதியை அதுவே பார்த்துக்கொண்டதாம்.

ஆறாவது இதழ், பத்தொன்பதாம் பக்கம்.
பிட்ஸ்பர்க். மொனொங்கஹேலா ஆற்றுப் பாலம்.
அடகுக்கடைக்காரன் ஒருவனை
மணிக்கட்டில் பிடித்துத் தொங்கவிட்டிருப்பான் தார்.
அடுத்த கட்டத்தில் கை மட்டும்,
விரல்கள் விரிந்து.
அதற்கடுத்ததில் ஒரு சாப்பாட்டுக் கடை,
தட்டில் இரண்டு முட்டை.
வசனம் இல்லை. காரணம் இல்லை.
உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்வான்,
அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் தொலைக்காட்சிக்கு எடுத்தார்கள்.
விளம்பரதாரர் குழந்தைகளுக்குச் சத்துமாவு விற்பவர்.
நாயகனாவது கைவிடுவதாவது!
ஆகவே மழை பெய்தது, கை வழுக்கியது,
"ஐயோ" என்று ஒரு குரலைப்
பிற்பாடு ஒட்டினார்கள்.
ரப்பர் முகமூடிக்குள் என் வியர்வை
உதடுவரை தேங்கி நின்றது.
விழுந்தவன் கார்லிஸ் யேட்ஸ்.
நாற்பதடி கீழே அட்டைப்பெட்டி அடுக்கு.
பெட்டிகளுக்குள்ளிருந்து தலையை நீட்டி
"இன்னொரு தரம் போகலாமா?" என்றான்.

அப்புறம் பெரிய திரை. நிஜத் தோல் அங்கி,
பதினோரு கிலோ.
இந்த முறை தார் விடலாம், ஆனால்
அடகுக்கடைக்காரன் முதலில் கத்தியை உருவ வேண்டும்.
நியாயம் வேண்டுமாம் எங்களுக்கு.
ஏவிஸ் வந்திருந்தாள், எழுபது வயது,
பிளாஸ்டிக் மழைக்கோட்டு.
"என் ஆளுக்கு அந்தக் கத்தியை
எந்தக் கடையில் வாங்கிக் கொடுத்தீர்கள்?"
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
காபி கொடுத்தார்கள்.

அந்த வாரம்தான்
நான் குடித்துவிட்டு வருவதாக
மேலே போய்ச் சொல்லியிருந்தான் கார்லிஸ்.
நிஜம்தான்.
கார் தாவும் காட்சி கைநழுவிப் போனது,
இரண்டு மாத வாடகை அது.

பாலத்தில் அவன் மணிக்கட்டு என் பிடியில்.
இடுப்பில் கம்பி.
மூன்று எண்ணியதும் விடு என்பது ஏற்பாடு.
ஒன்று.
இரண்டு.
கம்பியை இழுக்கிறவன்
மூன்றுக்காகக் காத்திருந்தான்.

இடுப்பெலும்பு, இடது தோள்.
கையுறை நனைந்திருந்தது என்றேன் விசாரணையில்.
கையுறை நனைந்துதான் இருந்தது.
அந்த டேக்கையே வைத்துக்கொண்டார்கள்,
அலறல் வருமுன் வெட்டி.
படத்தில் அந்த இரண்டு நொடி மட்டும்
காகிதத்துத் தார் என்று எழுதினார்கள்,
நடிகரின் பெயரைப் போட்டு.
அன்றிரவு கார்சன் தெருவில் சாப்பிட்டேன்.
முட்டைதான்.
உப்பு போட்டேனா, நினைவில்லை.

வருடா வருடம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறான் கார்லிஸ்.
"லோவல் ஹ்லாட்கிக்கு" என்று
வலக்கையால் கோணல் கோணலாக.
அவன் இடக்கைக்காரன்.

இப்போது எட்டு பாகத் தொடர்.
தாருக்கு அப்பா வந்துவிட்டார், பெல்ட்டோடு.
செத்துப்போன நாய் ஒன்றும் வந்துவிட்டது.
பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே.
யாரும் விழ வேண்டியதில்லை, கணினி விழும்.
அறுபத்தோரு வயது முதுகைச் சுற்றி
நூற்றிருபது கேமராக்கள்.
முதுகை நிமிர்த்திக்கொள்வார்களாம், சுருக்கம் தெரியாமல்.

கையை நீட்டுங்கள் என்றாள் டெசா,
கன்னத்தில் பரு இன்னும் ஆறாத பெண்.
நீட்டினேன்.
விரல்களை விரியுங்கள்.
விரித்தேன்.
திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.
"மெதுவாக விரிகிறது சார்,
வருத்தப்படுகிற மாதிரி.
வருத்தம் ஏழாம் பாகத்தில்தான்.
இன்னொரு தரம் போகலாமா?"